அருளுக்குக் காத்திருக்கும் ஆண்டுகள்

ஐந்து வயது வரையிலே பேச்சில்லை பிள்ளைக்கு! பெற்றோர் பதறினர், ஊரார் உதட்டைப் பிதுக்கினர். திருவைகுண்டத்திலிருந்து திருச்செந்தூருக்குத் தூக்கிச் சென்றனர்; நோன்பு கிடந்தனர். முருகன் அருளினான், மூடிக்கிடந்த வாய் திறந்தது. திறந்த வாயிலிருந்து 'அம்மா' வரவில்லை, 'அப்பா' வரவில்லை, கந்தர் கலிவெண்பாவே வந்ததாம்! குமரகுருபரர் வரலாறு என்று நமக்குச் சொல்லித் தரப்பட்டிருக்கும் கதை இது. அவரே பின்னாளில் காசிக்குச் சென்றார். அங்கே ஆள்வோரிடம் பேச இந்துஸ்தானி தெரியவில்லை. கலைமகளை வேண்டிச் சகலகலாவல்லி மாலை பாடினார். பாடி முடித்ததும் அந்த மொழியும் நாவிலே வந்து அமர்ந்துகொண்டதாம்!

திருவானைக்காவிலே வேறு வழி. காளமேகம் தூங்கிக்கொண்டிருந்தார், அம்பிகை வந்தாள், மென்ற தாம்பூலத்தை அவர் வாயிலே உமிழ்ந்தாள், மடைப்பள்ளியிலே கரண்டி பிடித்தவர் மறுநாளே மழையெனக் கவிதை பொழிந்தார். வடக்கே காளிதாசனுக்கோ எச்சிலும் வேண்டியிருக்கவில்லை. காளி நாவிலே எழுதினாள், கவிஞனானான்.

இந்தப் புலவர்களின் புலமையை நாம் குறைத்துப் பேச வரவில்லை, தோழர்களே! இருபொருள்பட ஒரு வெண்பா எழுதிப் பாருங்கள். காளமேகம் எத்தகைய உழைப்பாளி என்பது விளங்கும். ஆசிரியரிடம் கேட்டு, ஏடு புரட்டி, இரவு விழித்து, எழுதி அழித்து, மீண்டும் எழுதிப் பெற்ற ஆற்றல் அது. அந்த உழைப்பையெல்லாம் ஒரு வாய் வெற்றிலைச் சாற்றின் கணக்கிலே எழுதி வைத்தார்களே, அவர்கள்தாம் புலவரை இழிவு செய்தவர்கள். பாடுபட்டவர் ஒருவர், பாராட்டு மட்டும் வேறிடத்துக்கு!

கதைதானே, கேட்டுவிட்டுப் போகலாமே என்பீர். போகலாம், கதை கதையாகவே நின்றிருந்தால். அது வீட்டுக்குள் நுழைந்து, தொட்டிலருகே உட்கார்ந்து, பெற்ற தாயின் காதிலே, "பொறு, அருள் வரும்" என்று ஓதிக்கொண்டிருக்கிறது. பேச்சு என்பது நாவிலே வந்து இறங்கும் ஒரு பொருள், அதனை இறக்கி வைக்க ஒருவர் மேலே இருக்கிறார் என்ற எண்ணத்தை விதைத்துவிட்டுப் போயிருக்கிறது. அந்த எண்ணத்துக்கு ஆண்டுதோறும் குழந்தைகள் பலியாகின்றனர். உயிர் போவதில்லை, மொழி போகிறது. மொழி போனபின் அந்தக் குழந்தைக்கு மிஞ்சுவது எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள் என்பதற்காகவே இதனை எழுதுகிறேன்.

நான் பணியாற்றும் பள்ளிக்கு ஒரு தாய் தன் மகளை அழைத்து வந்தார். வயது ஏழு. பிறவியிலேயே காது கேளாது; ஆனால் அது காது கேளாமை என்பது ஆறாவது வயதிலேதான் அவருக்குத் தெரிந்தது. அதுவரை 'பேச்சு வராத பிள்ளை'. நாவிலே வசம்பு தேய்த்தனர், தேன் தடவினர். இரண்டு கோயிலுக்கும் ஒரு தர்காவுக்கும் ஒரு மாதா கோயிலுக்கும் நடந்தனர். மந்திரித்த கயிறு மட்டும் கையிலே மூன்று. எல்லாத் தெய்வங்களின் வாசலும் தெரிந்திருந்தது. மாவட்ட மருத்துவமனையிலே காது சோதிக்கும் அறை எந்தப் பக்கம் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. "எங்கள் சின்ன மாமா கூட நாலு வயதிலேதான் பேசினார்" என்று பாட்டி சொல்லிவிட்டாராம். குமரகுருபரருக்கு ஐந்து என்று பூசாரி சொல்லிவிட்டாராம்.

அந்தச் சிறுமி சும்மா இருந்தாளா? இல்லை! வெற்றிலை இடிப்பதுபோல் கையை அசைத்தால் பாட்டி. வண்டிச் சக்கரத்தைச் சுழற்றுவதுபோல் காட்டினால் லாரி ஓட்டும் அப்பா. சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, உள்ளங்கையிலே கன்னத்தைச் சாய்த்தால், 'அப்பா இரவிலே வருவார்'. இவற்றை அவளுக்குக் கற்பித்தவர் எவருமில்லை. தம்பிக்கு அவள் கற்பித்திருந்தாள். கேளாத காதுக்குப் பின்னே கேட்காமலே இயங்கிக்கொண்டிருந்தது ஓர் மனம்! ஊரார் அவளுக்கு இட்ட பெயரோ 'ஊமைச்சி'.

மனம் மொழியை எவ்வாறு பெறுகிறது என்று அறிவியலைக் கேட்போம். அதன் விடை, புராணத்தைவிட வியப்பானது, வியப்போடு மெய்யுமானது.

குழந்தை வெற்றுப் பானையாகப் பிறப்பதில்லை. பிறந்து சில நாளே ஆன சிசு, தாயின் குரலை மற்றப் பெண்களின் குரலிலிருந்து பிரித்தறிந்து விரும்புகிறது என்று 1980இல் அமெரிக்காவிலே காட்டினர். அதற்கும் முன்னர், 1971இல், பீட்டர் ஐமாசும் அவருடைய தோழர்களும் ஒரு மாதக் குழந்தைகளிடம் ஒரு சோதனை செய்தனர். குழந்தையின் வாயிலே சப்புவதற்கு ஒரு காம்பு. சப்பினால் ஓர் ஒலி கேட்கும். ஒரே ஒலி திரும்பத் திரும்பக் கேட்டால் சலித்துச் சப்புவது குறையும். ஒலி மாறினால் மீண்டும் விரைவாகச் சப்பும். தலை நிற்காத அந்தப் பிள்ளை, இதழிலே பிறக்கும் இரண்டு நெருங்கிய ஒலிகளை வேறு வேறு என்று கண்டுகொண்டது!

1984இல் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் இருவரும் வெளியிட்ட ஆய்வு தமிழர் நமக்கு நன்றாகவே விளங்கும். ஆங்கிலம் மட்டும் பேசும் கனடியக் குடும்பங்களிலே பிறந்த ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள், இந்தியிலே உள்ள 'ட', 'த' ஒலிகளின் வேறுபாட்டை உணர்ந்தன. 'பட்டு' வேறு, 'பத்து' வேறு என்று நாம் உணர்வது போல! ஆனால், பத்து முதல் பன்னிரண்டு மாதத்திலே பெரும்பாலான குழந்தைகள் அந்த ஆற்றலை இழந்திருந்தன. வீட்டிலே வழங்காத ஒலிக்கு மனம் கதவைச் சாத்திவிட்டது. வழங்கும் ஒலிக்கு அகலத் திறந்து வைத்தது. முதல் பிறந்தநாள் வருமுன்னே இந்த வேலை முடிந்துவிடுகிறது!

பேச்சிலே சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது, எழுத்திலேதான் உண்டு. காதிலே விழுவது ஓயாத ஆறு. அதிலிருந்து சொல்லைக் குழந்தை எப்படி அள்ளுகிறது? 1996இல் ஜெனி சாஃப்ரானும் உடன் ஆய்ந்தோரும், பொருளற்ற அசைகளை இடைவெளியின்றிக் கோத்து, எட்டு மாதக் குழந்தைகளுக்கு இரண்டே நிமிடம் ஒலிக்கச் செய்தனர். எந்த அசைக்குப் பின் எந்த அசை வருகிறது என்பதை மனத்துக்குள்ளே கணக்கிட்டு, சொற்கள் எங்கே முடிகின்றன என்று அந்தக் குழந்தைகள் கண்டுகொண்டன. எண்ணத் தெரியாத பிள்ளையின் கணக்கு அது!

பின்னர், விதி வருகிறது. 'வந்தாள்' என்ற ஒரு சொல்லுக்குள்ளே செயல் இருக்கிறது, இறந்தகாலம் இருக்கிறது, பெண்பால் இருக்கிறது, ஒருமை இருக்கிறது. நன்னூலின் அட்டையைக்கூடக் கண்டிராத மூன்று வயதுச் சிறுமி இவற்றையெல்லாம் பிழையின்றிப் பொருத்துகிறாள். கேட்டதைத் திருப்பிச் சொல்லும் கிளிப்பேச்சா இது? 1958இல் ஜீன் பெர்க்கோ என்ற அம்மையார், உலகிலே இல்லாத ஒரு விலங்கைப் படமாக வரைந்து, இல்லாத ஒரு பெயரையும் இட்டு, அதன் பன்மையைச் சிறுவர்களிடம் கேட்டார். ஒருநாளும் கேட்டிராத சொல்லுக்கும் அவர்கள் இலக்கணப்படி பன்மை சொன்னார்கள். நீங்களும் வீட்டிலே செய்து பாருங்கள். ஒரு பொம்மையைக் காட்டி, "இதன் பெயர் மொப்பி, இது அழுகிறது, யாருக்குப் பசி?" என்று கேளுங்கள். "மொப்பிக்கு!" என்று வரும் விடை. 'மொப்பிக்கு' என்ற சொல்லை அந்தப் பிள்ளைக்கு யார் கற்றுத் தந்தார்? நான்காம் வேற்றுமை அந்த மனத்திலே அமைந்துவிட்டது. புதுப் பெயர் கிடைத்ததும் பூட்டிக்கொண்டது.

பரிசு கொடுத்துப் பழக்குவதால் வருவது மொழி என்று 1957இல் ஸ்கின்னர் எழுதினார். பிறப்பிலேயே மனத்தில் அமைந்த ஆற்றலின்றி அது இயலாது என்று 1959இல் நோம் சாம்ஸ்கி மறுத்தார். பிறவியமைப்பு எவ்வளவு, கேட்டுக் கற்பது எவ்வளவு என்ற வழக்கு அறிஞரிடையே இன்றும் நடக்கிறது. நடக்கட்டும்! வழக்கு நடப்பதுதான் அறிவியலின் அழகு. ஆனால் எல்லாத் தரப்பும் ஒப்புக்கொள்ளும் உண்மை ஒன்று உண்டு. மொழியை ஆக்குவது மனம். அந்த மனத்துக்குத் தீனி, சுற்றிலும் வழங்கும் மொழி. தீனி வேண்டும், அதுவும் காலத்திலே வேண்டும்.

"சரி, காதே கேளாத பிள்ளைக்குத் தீனி எப்படி?" என்று கேட்பீர். இங்கேதான் புராணிகரும் தவறினர், புராணத்தை வெறுத்தவர் பலரும் தவறினர். நாவுக்கும் காதுக்கும் மட்டுமே உரியது மொழி என்று இருவரும் நம்பினர். மெய் என்ன? மொழி மனத்துக்கு உரியது. காது ஒரு வாயில், கண் இன்னொரு வாயில். வாய் ஒரு கருவி, கை இன்னொரு கருவி.

சான்று கேட்பீர், கேட்க வேண்டும். 1960இல் அமெரிக்காவின் காலடெட் கல்லூரி ஆசிரியர் வில்லியம் ஸ்டோக்கோ, காது கேளாதோர் கையால் பேசுவது வெறும் அபிநயம் அன்று, உறுப்புகளும் விதிகளும் உடைய முழுமையான மொழி என்று எடுத்துக்காட்டினார். கையின் வடிவம், கை நிற்கும் இடம், கையின் அசைவு ஆகியவை நம்முடைய எழுத்தொலிகளைப் போலச் சேர்ந்து சொல்லாகின்றன. நம் நாட்டுக் காது கேளாதோரின் இந்தியச் சைகை மொழிக்கும் சொந்த இலக்கணம் உண்டு. 'யார்', 'எங்கே' போன்ற வினாச் சொற்கள் அதிலே தொடரின் இறுதியில் நிற்கும். முகமும் புருவமும்கூட அங்கே இலக்கணம் பேசும். 1991இல் லாரா பெட்டிட்டோவும் பவுலா மாரென்டெட்டும் இன்னொன்று கண்டனர். கேட்கும் குழந்தை 'பபப' என்று வாயால் மழலை மிழற்றுகிறதே, அதுபோலச் சைகை பேசும் பெற்றோருக்குப் பிறந்த காது கேளாத குழந்தை கையால் மழலை மிழற்றுகிறது!

மூளையையே சாட்சிக்கு அழைப்போம். 1861இல் பாரிசிலே பால் புரோக்கா என்ற மருத்துவர், 'டான்' என்ற ஓர் அசையைத் தவிர வேறெதுவும் பேச இயலாதிருந்த நோயாளி ஒருவர் இறந்தபின் அவர் மூளையை ஆராய்ந்து, இடப்பக்கத்தின் முன்பகுதியிலே சிதைவு கண்டார். 1874இல் கார்ல் வெர்னிக்கே, அதே இடப்பக்கத்தின் பின்பகுதி சிதைந்தால், பேச்சு சரளமாக ஓடும், பொருள்தான் ஓடிவிடும், பிறர் பேச்சும் விளங்காது என்று காட்டினார். நல்லது. ஆனால், சைகை மொழி பேசுவோருக்கு மூளை சிதைந்தால்? கை வெளியிலே அசைவதாலே, இடத்தை அறியும் வலப்பக்கத்திலன்றோ அது இருக்க வேண்டும்? ஹாவர்ட் பாய்ஸ்னர், எட்வர்ட் கிளைமா, உர்சுலா பெல்லுகி மூவரும் 1987இல் வெளியிட்ட நூல் தீர்ப்பளித்தது. இடப்பக்கம் சிதைந்தோருக்குச் சைகை மொழி குலைந்தது. வலப்பக்கம் சிதைந்தோர் படம் வரையத் தடுமாறினர். ஆனால் சைகையிலே பேசினர். மூளைக்குத் தெரியும், கையாலே பேசினாலும் அது மொழிதான் என்று. நாட்டாண்மைக்காரருக்குத்தான் தெரியவில்லை!

எல்லாவற்றையும்விடப் பெரிய சான்று நிகராகுவாவிலே கிடைத்தது. நடு அமெரிக்காவிலே ஒரு சிறு நாடு. அங்கே காது கேளாதோர் தனித்தனியே தத்தம் வீடுகளில் கிடந்தனர். பொதுவான சைகை மொழி எதுவுமில்லை. 1977இல் தலைநகர் மனாகுவாவிலே ஒரு பள்ளி தோன்றியது. 1979 புரட்சிக்குப்பின் அது விரிந்தது. 1980இல் தொழிற்பள்ளியும் வந்தது. 1983க்குள் இரண்டிலுமாக 400க்கு மேற்பட்ட மாணவர்கள். ஆசிரியர் கற்பிக்க முயன்றதோ உதட்டசைவைப் படிப்பதும் ஸ்பானியம் பேசுவதும். அது பெரும்பாலும் வீணாயிற்று. ஆனால் விளையாட்டுத் திடலிலும் பள்ளி வண்டியிலும் பிள்ளைகள் கையோடு கை கலந்தனர். ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து கொண்டுவந்த சைகைகள் ஒன்றாயின. பின்னர் வந்த சிறிய பிள்ளைகள் அந்தக் கலவையை எடுத்து, இலக்கணம் பூட்டி, முழுமொழியாக்கினர்! 1986இல் அழைக்கப்பட்டுச் சென்ற மொழியியலாளர் ஜூடி கெகல் அதனைக் கண்டு உலகுக்கு உரைத்தார். 2004இல் ஆன் செங்காஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, ஒரு பொருள் உருண்டு கீழே இறங்குவதை முதலில் வந்தோர் ஒரே அசைவில் காட்டுவதையும், பின்வந்தோர் 'உருளல்', 'இறங்கல்' என இரண்டு சொல்லாகப் பிரித்து அடுக்குவதையும் எடுத்துக்காட்டியது. பிரித்து அடுக்குவதுதானே மொழி!

எந்தக் கலைமகள் அந்த மனாகுவாத் திடலிலே தோன்றினாள்? எந்தக் காளி அந்தக் கைகளிலே எழுதினாள்? பிள்ளைகள் கூடினர், மொழி பிறந்தது.

ஆனால் தோழர்களே, அந்த வரலாற்றுக்கு ஒரு மறுபக்கம் உண்டு. மிகச் சிறு வயதிலே வந்த பிள்ளைகளே மொழியை முழுமையாக்கினர்; வளர்ந்தபின் வந்தோர் அந்த அளவுக்கு எட்டவில்லை. மொழியைப் பெறுவதற்குக் காலவரம்பு உண்டு என்று 1967இல் எரிக் லென்னபெர்க் எழுதினார். பின்வந்த ஆய்வுகள், முதல் மொழி எவ்வளவு பிந்துகிறதோ அவ்வளவு குறைகிறது என்று காட்டுகின்றன. இப்போது திரும்பிப் பாருங்கள், அந்தத் திருச்செந்தூர்க் கதையை. ஐந்து ஆண்டு பொறுத்திரு என்கிறது கதை. எந்த ஐந்து ஆண்டு? மனம் மொழிக்கு வாயிலை அகலத் திறந்து வைத்திருக்கும் அதே ஐந்து ஆண்டு! பயிருக்குத் தண்ணீர் வேண்டிய மாதத்திலே மடையை அடைத்துவிட்டு, அறுவடை மாதத்திலே அருளை எதிர்பார்ப்பதன்றோ இது?

இந்தக் கொடுமைக்குப் பூசாரி மட்டும் பொறுப்பல்ல. சட்டம் எழுதியவனும் பொறுப்பு. மனுநூலின் ஒன்பதாம் அத்தியாயத்தைப் புரட்டுங்கள். பிறவிக் குருடரும் செவிடரும் ஊமையரும் சொத்திலே பங்கு பெறத் தகாதவர் என்று எழுதியிருக்கிறது. சோறும் துணியும் கொடுத்தால் போதுமாம்! செவி கேளாமை பாவத்தின் பலன் என்றார்கள். பலன் அனுபவிப்பவனுக்குப் பங்கு எதற்கு என்றார்கள். எவ்வளவு வசதியான தத்துவம், பங்காளிக்கு! அந்தத் தடையை நீக்க 1928இல் ஒரு சட்டம் வேண்டியிருந்தது. 1956இன் இந்து வாரிசுரிமைச் சட்டம் குறைபாட்டைக் காட்டி எவரையும் விலக்கலாகாது என்று முடித்து வைத்தது. காது கேளாமைக்குக் காரணம் மரபணு, தாய் கருவுற்ற நாளிலே தாக்கும் ருபெல்லா, பிறந்தபின் மிகும் மஞ்சள்காமாலை, மூளைக்காய்ச்சல், சில மருந்துகளின் தீங்கு என்று மருத்துவம் பட்டியல் தருகிறது. அந்தப் பட்டியலிலே முற்பிறவி இல்லை.

மேலை நாட்டார் மட்டும் மேலோரா? பிறவிச் செவிடர் ஊமையருமாவர் என்று அரிஸ்டாட்டில் எழுதியதை நூற்றாண்டுக்கணக்கில் ஓதினர். பதினெட்டாம் நூற்றாண்டிலே பாரிசிலே அபே தெ லெப்பே சைகை வழியே கற்பிக்கும் பள்ளி கண்டார்; அங்கே பயின்ற லோரான் கிளெர்க் என்ற காது கேளாதவர், 1817இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டிலே பள்ளி எழத் துணை நின்றார். அறிவொளி பரவியது. பரவியதைப் பொறுக்கவில்லை! 1880இல் மிலான் நகரிலே ஒரு மாநாடு கூடியது. காது கேளாதோர் கல்வியைப் பற்றிய மாநாடு. வந்திருந்தோர் 164 பேர். அவர்களில் காது கேளாதவர் ஒருவர்! பேச்சு முறையே உயர்ந்தது, சைகை விலக்கப்பட வேண்டும் என்று பெரும்பான்மையால் தீர்மானம் போட்டனர். பள்ளிகளிலே சைகை தடைசெய்யப்பட்டது. காது கேளாத ஆசிரியர்கள் வேலை இழந்தனர். கையசைத்த பிள்ளைகளின் கையிலே அடி விழுந்தது. தொலைபேசி கண்ட கிரகாம் பெல்லும் அந்தப் பக்கமே நின்றார். அவருடைய தாயும் மனைவியும் காது கேளாதவர்கள் என்பதையும் நினைவிலே வையுங்கள்.

பூசாரி நாவைத் திறக்கக் கயிறு கட்டினான்; கல்விமான் கையைக் கட்டினான். இருவருக்கும் நம்பிக்கை ஒன்றே: மொழி நாவிலே இருக்கிறது! அந்த மிலான் தீர்மானங்களைத் தள்ளி, விளைந்த தீங்குக்கு வருத்தம் தெரிவிக்க, 2010இல் வான்கூவரிலே கூடிய மாநாடு வரவேண்டியிருந்தது. 130 ஆண்டுகள்! எத்தனை தலைமுறைப் பிள்ளைகள்!

இன்றும் ஒரு குரல் கேட்கிறது: "சைகை பழகினால் பிள்ளை சோம்பிவிடும், பேச்சும் எழுத்தும் வராது." படித்தவரே சொல்கின்றனர், ஆகவே விடை சொல்வோம். 2002இல் ரேச்சல் மேபெரி குழுவினர் வெளியிட்ட ஆய்வு இதையே சோதித்தது. காது கேளாதோருள், குழந்தைப் பருவத்திலே சைகை மொழி பெற்றவர், பின்னர் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகத் திறம்படக் கற்றிருந்தனர். வேற்றுமொழி பேசும் வீட்டிலே பிறந்து ஆங்கிலம் கற்ற காது கேட்போருக்கு ஈடாக நின்றனர். தொடக்கத்திலே எந்த மொழியும் கிடைக்காதவரோ ஆங்கிலத்திலும் பின்தங்கினர். மொழி மொழியைக் கெடுப்பதில்லை, மொழியின்மைதான் கெடுக்கிறது. முதல் மொழி, அடுத்த மொழிக்கு ஏணி. ஏணியைப் பிடுங்கிவிட்டு, மாடிக்கு ஏறவில்லையே என்று பிள்ளையைப் பழிப்பது என்ன நியாயம்?

இன்னொரு குரல்: "காக்லியர் கருவிதான் வந்துவிட்டதே!" வந்தது, வரவேற்கிறோம். ஒலியை மின்துடிப்பாக்கிச் செவிநரம்புக்குத் தரும் அந்தக் கருவி மனித அறிவின் வெற்றி. தமிழ்நாட்டிலே அரசின் காப்பீட்டுத் திட்டத்தின் வழியே ஏழைக் குழந்தைகளுக்கும் அது பொருத்தப்படுகிறது. ஆயினும் பொருத்திய மறுநாளே பேச்சு வந்துவிடும் என்று நம்புவது, புதிய உடையிலே பழைய அருள்தான்! பொருத்தியபின் ஆண்டுக்கணக்கிலே பயிற்சி வேண்டும். பலனும் எல்லாக் குழந்தைக்கும் ஒன்றுபோல் அமைவதில்லை. கருவி வரும்வரை, வந்தபின் பலன் தெரியும்வரை, அந்த மனம் பட்டினி கிடக்க வேண்டுமா? கண் வழியே ஊட்டலாமே! கருவியும் வேண்டும், சைகையும் வேண்டும். பிள்ளை எதைப் பற்றிக்கொண்டு ஏறினாலும் நமக்கு மகிழ்ச்சியே.

நாட்டிலே கதவுகள் சில திறந்துள்ளன. 2015இல் புதுதில்லியிலே இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் நிறுவப்பட்டது. 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், காது கேளாதோருக்கு ஏற்ற மொழியிலும் முறையிலும் கல்வி தரவேண்டும் என்கிறது. 2023இல் உச்ச நீதிமன்றத்திலே காது கேளாத வழக்கறிஞர் ஒருவர், சைகை மொழிபெயர்ப்பாளரோடு வழக்கிலே முன்னின்றார். மனு பங்கு மறுத்த பிறவி, நாட்டின் உயர்ந்த மன்றத்திலே நின்று வாதிடுகிறது! ஆனால் தில்லியிலே சட்டம் இருந்தால் போதுமா? எத்தனை ஊர்ப் பள்ளியிலே சைகை தெரிந்த ஆசிரியர் இருக்கிறார்? ஆசிரியனாகிய நானே கேட்கிறேன்: எண்ணும் எழுத்தும் கற்பிக்கப் பயிற்சி தந்தவர்கள், கையாலே 'உன் பெயர் என்ன?' என்று கேட்கவாவது எங்களுக்குப் பயிற்சி தரலாகாதா?

அமெரிக்கக் கணக்கின்படி, காது கேளாத பிள்ளைகளில் பத்திலே ஒன்பதுக்கு மேல் காது கேட்கும் பெற்றோருக்கே பிறக்கின்றன. அந்தப் பெற்றோருக்குச் சைகை தெரியாது. தெரிந்தவர் எங்கே என்பதும் தெரியாது. ஆகையால் அந்த வீட்டு வாசலுக்கு முதலில் யார் போகிறார் என்பதிலேதான் பிள்ளையின் வாழ்வு இருக்கிறது. இன்றுவரை பூசாரி போய்க்கொண்டிருக்கிறார். இனி நீங்கள் போக வேண்டும்!

போய் என்ன சொல்வது? பெரும் சொற்பொழிவு வேண்டாம். பிறந்த குழந்தை தூங்கும்போதே காதிலே சிறு கருவியை வைத்துச் சில நிமிடங்களிலே சோதித்துவிடலாம் என்று சொல்லுங்கள். ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் முடிவு, ஆறு மாதத்துக்குள் உதவி என்பதே மருத்துவர் வகுத்த கணக்கு என்று சொல்லுங்கள். அரசு மருத்துவமனையின் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு வழிகாட்டுங்கள். வழிகாட்டினால் போதாது, உடன் செல்லுங்கள். உங்கள் ஊர்க் காது கேளாதோர் சங்கத்தைத் தேடிப் பிடித்து, அங்கே ஒரு பெரியவரை அழைத்துவந்து, அந்தத் தாய்க்கும் பிள்ளைக்கும் முதல் பத்துச் சைகைகளைக் கற்பிக்கச் செய்யுங்கள். நீங்களும் பக்கத்திலே உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். படிப்பக மேடையிலே, 'செவிடன் காதில் ஊதிய சங்கு' என்று எதிரியை ஏசும் பழக்கம் நமக்கும் உண்டு; அதை இன்றோடு விடுங்கள். சங்கை ஏன் ஊத வேண்டும்? கையாலே சொன்னால் விளங்குமே!

அந்த ஏழு வயதுச் சிறுமிக்கு ஆறு ஆண்டுகள் போய்விட்டன. அவற்றை மீட்டுத் தர எவராலும் இயலாது. உங்கள் தெருவிலே இன்று தொட்டிலிலே கிடக்கும் பிள்ளைக்கு ஒரு நாளும் போகவில்லை. புறப்படுங்கள், தோழர்களே!